சுவருக்குள் கசியும் குழாய்: செலவு யாருடையது?

கோவையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. தனி வீடொன்றின் முதல் மாடியில் அவரும் கணவரும் பள்ளி செல்லும் மகனும் மூன்று ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளரும் அவர் மனைவியும் வசிக்கிறார்கள். மாத வாடகை 15,000 ரூபாய், கொடுத்திருக்கும் அட்வான்ஸ் ஒரு லட்சம். பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, காலம் முடியும்போதெல்லாம் புதுப்பித்து வருகிறார்கள். எங்கும் பதிவு செய்யவில்லை.

கடந்த சில மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுகள் வந்திருக்கின்றன. உரிமையாளர் பொருத்திக் கொடுத்த கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் போய்விட்டது. மாற்ற 1,900 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். கழிவறை ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்பதில்லை. சமையலறைத் தொட்டிக் குழாயின் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீசர் செருகும் ப்ளக் பாயின்ட் கருகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளியலறைச் சுவரில் ஈரம் பரவி, கீழ் வீட்டுச் சமையலறைக் கூரையில் சொட்டத் தொடங்கிவிட்டது. டைல்ஸை உடைத்துச் சுவருக்குள் ஓடும் பைப்பை மாற்ற, டைல்ஸ் ஒட்டும் கூலியோடு சேர்த்து 21,000 ரூபாய் கேட்கிறார் பிளம்பர்.

“நீங்க வரும்போது எல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு, இப்பப் போனா நீங்கதானே பார்க்கோணும்” என்பது உரிமையாளரின் நிலை. செய்யாவிட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வதாகவும், கசிவு நிற்கும்வரை மாடிக்குப் போகும் வால்வை மூடிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பேன் என்றும் ஒரு பேச்சு. வாசகியின் கணவரோ, இரண்டு மாத வாடகையை நிறுத்தி அதில் எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்கிறார். “கீசர், குழாய், பைப் எல்லாம் வீட்டுக்காரருடைய பொருள். அவர்தானே சரிசெய்து தர வேண்டும்? நாங்கள் மாட்டிய மின்விசிறிகளையும் தண்ணீர் சுத்திகரிப்பானையும் போகும்போது எடுத்துப்போகலாமா?” என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், கணவர் பொங்கலுக்கு முன் குளியலறைச் சுவரில் டிரில் போட்டு ஒரு கண்ணாடி அலமாரி மாட்டியதாக ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே வீட்டில் மேலும் கீழும் இருந்துகொண்டு, படியில் எதிர்ப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய நிலை எவ்வளவு வேதனையானது என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. இந்தச் சிக்கலில் உரிமையாளர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை, நீங்கள் நம்புவதும் முழுக்கச் சரியில்லை. இருவருமே எல்லாப் பழுதுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிராளியின் தலையில் வைக்கப் பார்க்கிறீர்கள். மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தால், பாதிச் சண்டைக்கு இடமே இருக்காது.

முதலில் எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றி உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது நடைமுறையில் இல்லை. வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோவை மாநகராட்சிப் பகுதிக்கும் அதுவே பொருந்தும். அதன் 15ஆம் பிரிவு பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசுகிறது. எந்த வேலை யாருடையது என்ற பட்டியல் அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இதோடு, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவில் சொல்லும் பொதுவான விதிகளும் துணைக்கு வரும்.

பொருள் யாருடையது என்பது அளவுகோல் அல்ல

“வீட்டுக்காரருடைய பொருள், ஆகவே வீட்டுக்காரருடைய செலவு” என்பது நியாயமாகத் தோன்றும் வாதம். ஆனால் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. இரண்டாம் அட்டவணையின் முதல் பகுதி உரிமையாளருக்குரியது: கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, உள்ளும் வெளியும் உள்ள மின் வயரிங். இரண்டாம் பகுதி வாடகைதாரருக்குரியது. அது நீளமான பட்டியல்: குழாயும் அதன் வாஷரும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிவறைக் கோப்பை, வாஷ் பேசின், கீசர், சர்க்யூட் பிரேக்கர், சுவிட்ச், சாக்கெட், சமையலறைப் பொருத்துகள் ஆகியவற்றின் பழுது, பூட்டு, கைப்பிடி, கொசுவலை, சன்னல் கண்ணாடி மாற்றுவது என்று அன்றாடம் கை படும் பொருள்கள் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன.

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களில் மிகப் பலர் இந்தப் பட்டியலைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களும் கீசர் என்ற சொல்லைக் கண்டு திகைக்கிறார்கள். சுவருக்கு உள்ளே இருப்பதும் கட்டடத்தைத் தாங்குவதும் உரிமையாளருக்கு, சுவருக்கு வெளியே நின்று தினமும் புழங்கித் தேய்வது குடியிருப்பவருக்கு என்பதே அந்தப் பிரிவினையின் பொதுவான போக்கு. அதன்படி ஃப்ளஷ் டேங்கின் உள் உறுப்புகள், சமையலறைக் குழாய், கீசர் எலிமென்ட் ஆகிய மூன்றும் உங்கள் பக்கம்தான் வரும்.

கீசரில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் எலிமென்ட்டின் மேல் சுண்ணாம்புபோல் படிவு கட்டி அது எரிந்துபோவது சாதாரணமாக நடப்பது. அதை மாற்றுவது பழுதுபார்ப்பு. தெர்மோஸ்டாட் மாற்றுவதும் அப்படியே. ஆனால் உள் டேங்க்கே அரித்து ஒழுகி, கீசரையே தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்க வேண்டிய நிலை வந்தால், அதைப் பழுதுபார்ப்பு என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது என்பது என் கருத்து. வயதாகி உயிர்விட்ட பொருளுக்குப் புதுப் பொருள் வாங்கிப் பொருத்துவது, பின்னாளிலும் அந்த வீட்டிலேயே தங்கப்போகிற சொத்து. அதைக் குடியிருப்பவரிடம் கேட்பது நியாயமில்லை. உங்கள் கீசரில் இப்போது போயிருப்பது எலிமென்ட் மட்டும் என்பதால், 1,900 ரூபாயை நீங்கள் கொடுத்துவிடுவதே சரி. மெக்கானிக் கீசரைப் பிரிக்கும்போது டேங்கின் நிலையையும் பார்க்கச் சொல்லி, அவர் சொல்வதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கருகிய ப்ளக் பாயின்ட்டைப் பற்றி நீங்கள் ஒரே வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை. சாக்கெட் மாற்றுவது பட்டியல்படி வாடகைதாரர் வேலை என்பது உண்மையே. ஆனால் சாக்கெட் ஏன் கருகியது? 2,000 வாட் கீசர் ஓடும்போது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போடுகிற மெல்லிய வயரிலேயே கீசர் பாயின்ட்டுக்கும் இணைப்பு கொடுத்திருந்தால், எத்தனை சாக்கெட் மாற்றினாலும் கருகிக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் பழுது வயரிங்கில் இருக்கிறது. அது உரிமையாளரின் பொறுப்பு. சாக்கெட்டின் திருகு தளர்ந்ததாலோ, மலிவான மல்டி-ப்ளக் செருகியதாலோ கருகியிருந்தால் அது உங்களுடையது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு திறந்து பார்த்து, வயரின் தடிமனையும் எர்த் இணைப்பையும் சோதித்து, காரணத்தை இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அதுவரை அந்தப் பாயின்ட்டைத் தொடாதீர்கள். எலிமென்ட் மாற்றிய உற்சாகத்தில் அன்றைக்கே கீசரைப் போட்டுவிட வேண்டாம். ஈரச் சுவரும் கருகிய சாக்கெட்டும் ஒரே குளியலறையில் இருப்பது, செலவு யாருடையது என்று தீர்ப்பதற்காகக் காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல.

அலமாரியும் அந்த ஆணியும்

இனி, 21,000 ரூபாய் வேலைக்கு வருகிறேன். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயை மாற்றுவது உரிமையாளரின் பகுதியில் வருகிறது என்று மேலே சொன்னேன். கீழ்க் கூரை நனைவது கட்டடத்தையே பாதிப்பதால், அந்த வகையிலும் அது அவர் பக்கத்து வேலைதான். ஆனால் குடியிருப்பவர் ஏற்படுத்திய சேதத்தால் வந்த பழுதுக்கு உரிமையாளர் பொறுப்பாக மாட்டார் என்பதையும் அட்டவணை சேர்த்தே சொல்கிறது. வாடகைதாரரின் செயலால் வந்த குறையை அவரே சரிசெய்துதர வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்திலும் உண்டு. ஆகவே கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய டிரில் துளைகள்தான் இந்த வழக்கின் மையம். அதை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, உரிமையாளரிடமும் மறைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அலமாரியைக் கழற்றும்போது அது தெரியவந்தால், மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் சொல்வதை அவர் நம்ப மாட்டார்.

அதற்காக, துளை போட்டதாலேயே குற்றம் உங்களுடையது என்று இப்போதே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அலமாரி மாட்டியது பொங்கலுக்கு முன்; ஈரம் தெரிந்தது சித்திரையில் என்கிறீர்கள். அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் குழாயில் டிரில் பட்டிருந்தால், பெரும்பாலும் அன்றே தண்ணீர் பீறிட்டிருக்கும். ஆனால் திருகாணி குழாயைக் குத்தியபடியே ஓட்டையையும் அடைத்துக்கொண்டு நின்று, பிறகு துருப்பிடித்து மெல்ல மெல்லக் கசிவதும் உண்டு. மறுபக்கம், பழைய கட்டடத்தில் குழாய் வளையும் இடத்தில் எல்போ போட்ட ஒட்டு விட்டுப்போவதும், ஜிஐ எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப் உள்ளுக்குள் அரித்துப்போவதும் யார் கையும் படாமலே நடப்பவை. எது நடந்தது என்பதை வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. டைல்ஸை எடுத்தால் தெரியும்.

அந்த ஒரு மணி நேரம் எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே 21,000 ரூபாய் யாருடையது என்பது முடிவாகும். உரிமையாளரோ, அவர் அனுப்பும் ஒருவரோ உடன் இருக்கும்போதுதான் சுவரை உடைக்க வேண்டும். உடைப்பதற்கு முன் அலமாரி, அதன் ஆணிகள், ஈரம் பரவியிருக்கும் எல்லை மூன்றும் ஒரே சட்டகத்தில் விழும்படி ஒரு படம் எடுங்கள். அருகில் டேப் வைத்து, ஆணிக்கும் ஈரத்தின் நடுப்பகுதிக்கும் எத்தனை அங்குலம் என்று தெரியச் செய்யுங்கள். குழாய் வெளிப்பட்டதும், அதை வெட்டி எடுக்கும் முன் ஒரு படம். கசியும் இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம். வெட்டி எடுத்த துண்டை மேஸ்திரி குப்பையோடு சேர்த்து மூட்டை கட்டிவிடுவார். அதைக் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிரில் பட்ட குழாயில் விளிம்பு கூர்மையாக ஒரு வட்டத் துளை இருக்கும். ஒட்டு விட்ட குழாயில் இணைப்பு ஓரமாக வெடிப்போ நீர்க்கோடோ இருக்கும். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. இருவருமாகக் குனிந்து பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும்.

துளை உங்களுடையது என்று தெரிந்தால், தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பைப்போடு கீழ்க் கூரையின் பூச்சையும் சரிசெய்துகொடுக்க வேண்டியிருக்கும். இணைப்பு விட்டதென்றால், இரண்டு செலவும் உரிமையாளருடையவை. அலமாரியைக் காட்டி அவர் பேச முடியாது.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

உரிமையாளர் மேற்கோள் காட்டும் வரியை நீங்கள் அப்படியே எழுதி அனுப்பியிருப்பது நல்லதாகப் போயிற்று. “அன்றாடப் பராமரிப்பும் சிறு பழுதுகளும் வாடகைதாரரின் பொறுப்பு” என்பதுதான் அந்த வரி. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதபோதே அட்டவணை பொருந்தும் என்பதால், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதற்கு எடை உண்டு. “சட்டம் இருக்கிறது, ஒப்பந்தம் செல்லாது” என்று உங்கள் கணவர் வாதிட வேண்டாம். “உள்பக்கப் பழுது அனைத்தும், பைப் லைன் உட்பட, வாடகைதாரரே செய்ய வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தால் என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது. ஆனால் உங்கள் ஒப்பந்தம் சொல்வது சிறு பழுது. சுவரை உடைத்து, குழாய் மாற்றி, டைல்ஸ் ஒட்டி, கீழ்க் கூரையையும் பூச வேண்டிய வேலை எந்தக் கணக்கில் சிறு பழுதாகும்? ஏறக்குறைய ஒன்றரை மாத வாடகைக்குச் சமமான செலவை அந்தச் சொல்லுக்குள் திணிப்பது கடினம்.

பெயின்டிங் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்ற அட்டவணைதான் நிற்கும். காலப்போக்கில் மங்கிய சுவருக்காக ஒரு மாத வாடகை பிடிக்க அவருக்கு உரிமையில்லை. உங்கள் மகன் வரவேற்பறைச் சுவரில் வரைந்திருக்கும் ஓவியங்களுக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு.

பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கு மட்டுமல்ல, ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதியிலிருந்து தப்பவே பதினோரு மாத வழக்கம் வந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது வேறொரு பதிவு. கால அளவு எதுவாயினும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். உரிமையாளர் முன்வராவிட்டால் வாடகைதாரரே விண்ணப்பிக்கலாம். பதியாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு இச்சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்கப் போனால், முதல் படியிலேயே தடங்கல் வரும். அதனால் பைப் தகராறு முற்றுவதற்கு முன் பதிவை முடித்துவிடுவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

வாடகையை நிறுத்தாதீர்கள்

உங்கள் கணவரின் யோசனையை நான் கண்டிப்பாக மறுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கியாகி, அறிவிப்பு கொடுத்த பின்னும் செலுத்தப்படாமல் இருப்பது, இச்சட்டத்தில் வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. பழுது பற்றிய வழக்கில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது, நீங்களாகவே வாடகை பாக்கி என்ற வேறொரு வழக்கை உரிமையாளர் கையில் கொடுக்கிறீர்கள். அந்த வழக்கில் சுவர் ஈரம் பேச்சுக்கே வராது.

சட்டம் வேறொரு வழியைத் தருகிறது. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அவர் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துவிட்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக்கூடாது. உங்கள் கணக்கில், இணைப்பு விட்டதுதான் காரணம் என்று உறுதியாகி, 21,000 ரூபாயை நீங்கள் செலவிட்டால், முதல் மாதம் 7,500, இரண்டாம் மாதம் 7,500, மூன்றாம் மாதம் 6,000 என்று கழிக்கலாம். மீதி வாடகையை வழக்கமான தேதியில் வங்கி வழியாகச் செலுத்தி, என்ன கழித்தீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்ப வேண்டும். அவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் செலுத்த வழி உண்டு.

கழிப்பதற்கு முன் எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும், செய்வதற்கு நியாயமான அவகாசமும் கொடுத்திருக்க வேண்டும். படிக்கட்டில் நின்று பேசியதெல்லாம் கணக்கில் வராது. சேதம் தெரிந்தவுடன் உரிமையாளருக்குத் தெரிவிப்பது வாடகைதாரரின் கடமையும்கூட. ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதி, வாட்ஸ்அப்பில் ஒன்றும், சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் ஒன்றுமாக அனுப்புங்கள். வயதில் மூத்தவர், கீழ் வீட்டுக்காரர் என்பதால், வக்கீல் நோட்டீஸ் போல் அல்லாமல் இப்படி எழுதினால் போதும்:

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, மாடிக் குளியலறைச் சுவரில் ஈரம் பரவுவதையும் தங்கள் சமையலறைக் கூரையில் நீர் சொட்டுவதையும் முன்பே நேரில் தெரிவித்தோம். பிளம்பர் கொடுத்த மதிப்பீடு இத்துடன் இருக்கிறது. பொங்கலுக்கு முன் அதே சுவரில் நாங்கள் ஓர் அலமாரி மாட்டியிருக்கிறோம். சுவரைத் திறக்கும்போது தாங்கள் உடனிருந்து காரணத்தைப் பார்க்க வேண்டுகிறோம். எங்கள் துளையால் என்றால் செலவை நாங்கள் ஏற்கிறோம். குழாய் தானாகப் பழுதாகியிருந்தால் தாங்கள் செய்துதரக் கேட்டுக்கொள்கிறோம். பதினைந்து நாளுக்குள் தங்களுக்கு வசதியான தேதியைச் சொல்லுங்கள். ஃப்ளஷ் டேங்க், சமையலறைக் குழாய், கீசர் எலிமென்ட் ஆகியவற்றை நாங்களே சரிசெய்துகொள்கிறோம்.”

பொங்கலுக்கு முன் என்ற இடத்தில் அலமாரி மாட்டிய தேதியையே எழுதுங்கள். தேதி சரியாக இருப்பது முக்கியம். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் பங்கை நீங்களே முன்வந்து செய்கிறீர்கள் என்று எழுத்தில் இருப்பது, அவருடைய கோபத்தையும் தணிக்கும், நாளை ஓர் அலுவலர் முன் உங்களுக்கு மதிப்பையும் சேர்க்கும்.

வால்வை மூடுவேன் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். பைப்பை வெட்டி ஒட்டும் சில மணி நேரத்துக்குத் தண்ணீரை நிறுத்துவது வேலையின் ஒரு பகுதி. இரவில் சொட்டு அதிகமானால் சிறிது நேரம் மூடிவைக்கச் சொல்வதும் தவறில்லை. தகராறில் உங்களைப் பணிய வைப்பதற்காக மூடுவது அப்படியல்ல. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தாமாகவோ வேறொருவர் மூலமாகவோ தடுக்கக்கூடாது என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. அப்படித் தடுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் விண்ணப்பித்து, விசாரணை முடியும் முன்பே மீண்டும் வழங்கச் சொல்லி இடைக்கால உத்தரவு பெறலாம். ஆனாலும், கீழே ஒழுகிக்கொண்டிருப்பது அவர் மனைவி சமைக்கும் இடத்தில் என்பதை மறக்க வேண்டாம். அவர் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சுவரின் லைனுக்குத் தனி வால்வு இருந்தால், அதை நீங்களே மூடி வைத்து, வேலை முடியும்வரை வேறு குழாயிலிருந்து வாளியில் பிடித்துக் குளித்துக்கொள்ளுங்கள். சேதம் பெருகாமல் பார்த்துக்கொண்டீர்கள் என்பதும் பின்னால் பேசும்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். நீங்கள் கொடுத்திருப்பது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்; ஆனால் ஒப்பந்தத்தில் தொகையை எழுதிக் கையெழுத்திட்டிருப்பதால், இப்போது அதைக் கிளப்புவதில் பயனில்லை. அடுத்த புதுப்பித்தலில் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் தரப்பு நிலுவை ஏதேனும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியை அவர் திருப்பித் தர வேண்டும். அவர் மனதில் நினைத்த தொகையைக் கழிக்க முடியாது. எதற்கு எவ்வளவு என்று கணக்குக் காட்ட வேண்டும். நீங்கள் குடிவந்த நாளில் படம் எதுவும் எடுத்து வைக்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். இன்றைய நிலையைப் படமெடுத்துவையுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, வீட்டிலுள்ள பொருத்துகளின் பட்டியலையும் அவற்றின் வயதையும் நிலையையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு இணையுங்கள். பைப், வயரிங், கீசரை முழுதாக மாற்றுவது, மோட்டார் ஆகிய நான்கும் யாருடையவை என்பதைப் பெயர் சொல்லியே எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரை இரு வீடும் பகிர்வதால், அதன் செலவு எந்த விகிதம் என்பதும் அதில் இருக்க வேண்டும். பொது வசதிகளின் பராமரிப்பை ஒப்பந்தத்தில் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

கடைசியாக, மின்விசிறிகளும் சுத்திகரிப்பானும். நீங்கள் வாங்கிப் பொருத்தியவற்றை, வீடு உங்கள் வசம் இருக்கும்வரை கழற்றி எடுத்துப்போகலாம். பெற்றுக்கொண்ட நிலையில் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போகாதீர்கள். அங்கேதான் பலர் இழக்கிறார்கள். சுத்திகரிப்பானுக்காகக் குழாயில் போட்ட டீ இணைப்பை எடுத்துவிட்டுப் பழையபடி மூடுங்கள். மின்விசிறி மாட்டிய இடத்தில் வயர் நுனிகளுக்கு டேப் சுற்றுங்கள். நீங்கள் வரும்போது உரிமையாளரின் பழைய மின்விசிறிகள் இரண்டைக் கழற்றிப் பரணில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அவற்றை இறக்கித் துடைத்து மாட்டி, ஓடுகின்றனவா என்று அவர் முன்னாலேயே போட்டுக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.